சாப்பாட்டு மேசைச் சட்டம்

1959 மே 14, வியாழன்

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. கொடியில் துணி காய்ந்தும் காயாமலும்.

காலையில் எங்கள் சுகாதார இலாகா டைரக்டர் கூப்பிட்டார். அடுத்த வியாழன் டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். மனிதர் நோய், கால்நடை நோய், தண்ணீர், மண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க நாடு முழுவதற்கும் ஓர் ஏற்பாடு. மைசூர் ராஜ்யம் என்ன செய்யும் என்று கேட்பார். "டாக்டர் கிரேஸ், ஒரு நோட் தயார் பண்ணுங்க. இலாகாக்களிடையே ஒத்துழைப்புன்னு. நல்ல இங்கிலீஷ்ல இருக்கணும்." வேறு எந்த இலாகாவுக்கும் அதைக் காட்டக் கூடாதாம். சிரிப்பை மறைக்க இருமினேன். "லேப்ல இருந்துக்கிட்டே இருமலா?" என்று கவலைப்பட்டார் பாவம்.

வீட்டுக்கு வந்தால் இவரும் அதே தலைப்போடு உட்கார்ந்திருக்கிறார். கால்நடை இலாகா டைரக்டர் இவர் தலையில் கட்டியிருக்கிறார். இவரும் யாருக்கும் காட்டக் கூடாது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர். பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு.

பேசிக்கொள்ளலாம் என்றால் அத்தையின் சட்டம் குறுக்கே நிற்கிறது. போன வருஷம் இவர் ஓர் எருமையின் வயிற்றை அறுத்த கதையைச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். பதிலுக்குச் சளிப் பரிசோதனை பற்றி ஆரம்பித்தேன். அத்தை சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் தீர்ப்பு வந்தது: "இந்த வூட்ல சாப்பாட்டு மேசைல ஆபீஸ் பேச்சு கூடாது. யாரு பேசறாங்களோ அவங்க அன்னிக்கு எல்லாத் தட்டும் கழுவணும்." வீட்டில் இருப்பதோ ஒரே மேசை. பேசாமலிருந்து பழகி, மேசையை விட்டு எழுந்த பிறகும் இப்போதெல்லாம் பேசுவதில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது, பால்காரன் வரவில்லை, அவ்வளவுதான்.

வாங்க: மண்ணெண்ணெய், நீலம், அத்தைக்குத் தைலம், கார்பாலிக் சோப்பு.

மே 15, வெள்ளி

காற்று. ஒரே புழுதி. லேப் ஜன்னல் ஒன்று மூட மாட்டேன் என்கிறது. எழுதிக் கொடுத்து ஆறு மாசம்.

இன்று வந்தவை: டைபாய்டு சந்தேகம், நிறைய. கிணற்றுத் தண்ணீர் இரண்டு புட்டி. ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டிலிருந்து ஒரு புண் சாம்பிள்: முனுசாமி, மர்பி டவுன், முன்கையில் புண். வார்டு டாக்டர் நஞ்சுண்டய்யாவின் கையெழுத்து. "பூச்சிக்கடி? கட்டி?" என்று இரண்டு கேள்விக்குறி. அவருக்கே தெரியாததை நான் கண்டுபிடிக்க வேண்டும். பிளேட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்தேன்.

ரவிக்கை தைக்கக் கொடுத்தது கிடைக்கவில்லை. டெய்லர் வீட்டில் கல்யாணம்.

இவர் டூர் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். பூட்ஸ் முழுக்கச் சிவப்பு மண். கை கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். புது சோப்பு பாதி கரைந்தது. "கல்யாண மாப்பிள்ளகூட இவ்ளோ தேய்க்க மாட்டான்" என்று அத்தை. இவர் சிரிக்கவில்லை. என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. தட்டு போட்டாயிற்று. கேட்கவில்லை.

மே 16, சனி

வெயில் சுள்ளென்று. மாலையில் தூரத்து இடி மட்டும்.

மு.சாமி பிளேட்டில் சாம்பல் நிறத்தில், ஓரம் சுருண்டு சுருண்டு ஏதோ வளர்ந்திருக்கிறது. இந்தப் புழுதிக் காலத்தில் பாதி பிளேட்டில் இதே மாதிரி மண் கிருமிதான். அந்த ஜன்னலைத்தான் சொல்ல வேண்டும். "மண் கிருமி கலப்பு. வேறு சாம்பிள் அனுப்பவும்" என்று எழுதி அனுப்பிவிட்டுப் பிளேட்டைக் கிருமி கொல்லும் லைசால் வாளியில் போட்டேன்.

பிறகு உட்கார்ந்து நோட் எழுதினேன். "இரு இலாகாக்களும் தகவல்களை உடனுக்குடன் பரிமாறிக்கொள்ளும்." நன்றாகத்தான் வந்திருக்கிறது. டைரக்டர் "உடனுக்குடன்" என்பதை அடித்துவிட்டு "உரிய வழியில்" என்று போட்டார்.

இவர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. அவர் நோட் என்னுடையதைவிட நீளமாகத் தெரிகிறது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

மே 17, ஞாயிறு

மனசு ஒரு நிலையில் இல்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பெந்தெகொஸ்தே ஆராதனை. கூட்டம். திரும்பும் வழியில் கறி வாங்கினேன். அத்தை மசாலா அரைத்துக் குழம்பு. இவர் கறியை ஒதுக்கிவிட்டு ரசத்துக்குப் போனார். கறி என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவர்.

"ஏண்டா சாமு, வேகலையா?" என்றார் அத்தை.

"இல்லம்மா. வேணாம்."

"கிரேஸு உப்பு ஜாஸ்தி போட்டுட்டாளா?"

எனக்குச் சுருக்கென்றது. கோயிலிலிருந்து வந்ததும் அடுப்படியில் வெந்தது நான். இவர் என் தட்டைப் பார்த்தார், அத்தை தட்டைப் பார்த்தார். "எந்தக் கடை?" என்றார். வழக்கமான கடை. "முத்திரை போட்ட கறியா?" முத்திரை போட்டதுதான், நான் என்ன சின்னப் பிள்ளையா என்றேன். அப்போதும் முகம் தெளியவில்லை. தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"அம்மா, இன்னிக்குத் தட்டெல்லாம் நான் கழுவிடறேன்."

அத்தையும் நானும் சாப்பிடுவதை நிறுத்தினோம். கல்யாணமாகி இந்தப் பேச்சை இவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன்.

சொன்னார். அத்திபெலேயில் ஏரியை ஒட்டிப் போன வாரத்திலிருந்து ஆடுகள் செத்து விழுகின்றனவாம். காலையில் மேய்ந்த ஆடு மத்தியானம் இல்லை. மூக்கில் கறுத்த ரத்தம். ஆட்டுக்காரர்கள் அடைப்பான் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இவர் காதிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆந்த்ராக்ஸ். ஆட்டுக்கு வந்தால் மனிதனுக்கும் ஒட்டும். அன்றே மேலே எழுதிவிட்டார். கடிதம் அவர் டைரக்டர் மேசையில் இருக்கிறது. அங்கிருந்து செக்ரடேரியட், அங்கிருந்து என் டைரக்டர், பிறகு ஒருநாள் நான்.

"செத்த ஆட்டை அறுக்காதீங்கன்னு சொல்ல நான் போறதுக்குள்ளயே தோலை உரிச்சுட்டாங்க, கிரேஸ். பெங்களூர் தோல் மண்டிக்கு அனுப்பியாச்சு."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. முன்கையில் புண். சாம்பல் நிறம். ஓரம் சுருண்டு சுருண்டு. ஆந்த்ராக்ஸ் கிருமி மண் கிருமிக்கு அண்ணன் தம்பி. பிளேட்டில் ஒரே ஜாடை. படித்த எனக்கு அது தெரியாதா?

"நானும் கழுவறேன்" என்றேன். முனுசாமி பற்றிச் சொன்னேன்.

அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்திரத்த நான் பாத்துக்கறேன். எந்திரிச்சுப் போங்க மொதல்ல."

ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரி. லேப் ஆட்கள் வார்டுக்குள் போகும் வழக்கமில்லை. வாசலில் நர்ஸ் நிறுத்தினாள். நான் இன்னார் என்றேன். "இவரு?" கால்நடை டாக்டர். "இங்கயா?" என்று கேட்டுவிட்டு வழி விட்டாள்.

மு.சாமி ஒடிசலான ஆள். முன்கையில் நடுவில் கரி வைத்த மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் நீர்க் கொப்புளம். முழங்கை தாண்டி வீக்கம். வலியே இல்லை என்கிறார். ஆந்த்ராக்ஸ் புண் வலிக்காது, அதுதான் பயம். பக்கத்தில் மனைவி குப்பு, விசிறிக்கொண்டு.

"இவரு இன்னா வேலை செய்றாரு?" என்றேன்.

"தோல் மண்டிலமா. ஆட்டுத் தோலுக்கு உப்பு தடவறது. போன வாரம் ரொம்ப வந்திச்சு, ஜல்தி முடின்னாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியேமா."

நஞ்சுண்டய்யா வந்தார். நாளைக் காலை புண்ணைக் கீறிவிடலாம் என்றிருந்தாராம். கீறினால் விஷம் உடம்பெங்கும் பரவும். "உங்க ரிப்போர்ட்ல மண் கிருமின்னு இருக்கே மேடம்?" என்று என் சீட்டையே எடுத்து நீட்டினார். "தப்பா எழுதிட்டேன். இப்ப சரியா எழுதித் தரேன்" என்றேன். காது சுட்டது. கொப்புளத்து நீரை ஸ்லைடில் எடுத்துப் பக்கத்து அறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். மூங்கில் கணு மாதிரி நீள நீளமாகச் சங்கிலி. இவர் ஒரு தடவை பார்த்து, "அத்திபெலே ஆட்டுல இதேதான்" என்றார். நஞ்சுண்டய்யா பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டுப் பென்சிலின் எழுதினார்.

இரண்டு நாள் வீணாகிவிட்டது. அதைத்தான் ஜெபத்தில் சொன்னேன், வேறொன்றும் சொல்ல வரவில்லை. அந்த மனுஷன் பிழைக்க வேண்டும்.

மே 18, திங்கள்

காலையிலேயே இருட்டு. லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

இலாகா ஜீப்புக்கு அனுமதி வாங்க நாள் ஆகும். பஸ். இவர் மடியில் தடுப்பூசிப் பெட்டி, என் மடியில் ரப்பர் கையுறையும் எலுமிச்சம் சாதமும். அத்தை கட்டிக் கொடுத்தது. "ஏரிகிட்ட ஒக்காந்து தின்னாதீங்க" என்ற எச்சரிக்கையோடு.

அத்திபெலே ஏரி பாதிதான் இருக்கிறது. வறண்ட பக்கத்தில், தோலுரித்த ஆடுகளை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நாய் பறித்திருக்கிறது. ஒரு மழை பெய்து ஏரி ஏறினால் அத்தனையும் தண்ணீரில். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, ஜனங்களும் எடுக்கிறார்கள். தலைக்கு மேலே மேகமோ எருமைக் கூட்டம் மாதிரி வந்து நிற்கிறது.

ஆட்டுக்காரர் மாரண்ணன். "தெரியும் சார், அடைப்பான்னு. பத்து ஆடு போச்சு. தோலாச்சும் மிஞ்சட்டும்னு உரிச்சுட்டோம். புள்ளைங்க இருக்கில்ல?" அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். புண் இல்லை. அவர் வீட்டு ஆட்கள் எல்லோர் கையையும் பார்த்தேன். கீறல், முள், சிரங்கு. கறுப்பு ஒன்றும் இல்லை.

மேட்டில் ஆழமாக மறுபடி புதைக்க வேண்டும். ஆள் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். இரண்டும் பக்கத்திலேயே இருந்தன. ஏரிக்கரை மராமத்து நடக்கிறது, கூலி ஆட்கள், குவியலாகச் சுட்ட சுண்ணாம்பு. ஓவர்சியர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பெயர் கெம்பய்யா. "இது நன்ன கெலசா அல்லம்மா" என்றார். என் வேலை இல்லை. செத்த ஆடு கால்நடை இலாகா, ஜனங்கள் உடம்பு சுகாதார இலாகா, அவருக்குக் கரை மட்டும்தான். தப்பில்லை, நான் எழுதிய நோட்டும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

இவர் கோபப்படாத ஜாதி. கன்னடத்தில் மெதுவாக, "உங்க ஆளுங்க மத்தியானம் எங்க தண்ணி குடிக்கிறாங்க?" என்று கேட்டார். கெம்பய்யா ஏரியைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சுண்ணாம்பு எத்தன கூடை வேணும்?" என்றார்.

கூலி ஆட்களுக்குக் கையிலும் காலிலும் கோணி சுற்றி, புண் இருந்தவர்களை விலக்கி, மேட்டில் ஆள் உயரத்துக்குக் குழி. ஆடுகளை மாற்றி, சுண்ணாம்பு கொட்டி, மேலே கல். பழைய இடத்தில் வைக்கோல் போட்டு எரித்தோம். கோணிகளையும் அதிலேயே. கெம்பய்யா இப்போது எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார்.

நடுவில் சைக்கிளில் ஒருவர். ஓசூர் கால்நடை டாக்டர். ஏரிக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யம். இவர் யாரிடமோ வாய்ச் சொல்லாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கேயும் ஆடு விழுகிறதாம். "ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல ஊசி போட்டாத்தான் நிக்கும் சார். மேலிடத்துக்குத் தெரிஞ்சா ஏன்னு கேப்பாங்க. தெரியறதுக்குள்ள போட்டு முடிச்சிடலாம்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மாலைக்குள் இரண்டு பக்கமும் ஊசி போட்டாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் முதல் தூறல். இவர் என் தோளில் தூங்கிவிட்டார். எலுமிச்சம் சாதம் பொம்மனஹள்ளி தாண்டித்தான் தின்றோம்.

மே 19, செவ்வாய்

மழை, இடைவிடாமல்.

மு.சாமிக்கு அதிகம். வீக்கம் தோள் வரை. காய்ச்சல். பென்சிலின் போட்டும் முதலில் ஏறித்தான் இறங்கும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்துக்கென்ன, அது குப்பு முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "கைய எடுத்துடுவீங்களாமா? வலது கைமா" என்றாள். எடுக்க மாட்டார்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

டைரக்டர் அறையில் நிற்க வைத்தே பேசினார். வார்டுக்கு ஏன் போனீர்கள். சொந்த வேலை என்றால் அத்திபெலே ஏரியா. கால்நடை இலாகாவோடு யாரைக் கேட்டுப் பேசினீர்கள்.

"என் வீட்டுக்காரர் சார்" என்றேன்.

நானே அந்தக் கேஸை மண் கிருமி என்று எழுதிவிட்டதையும் சொல்லிவிட்டேன். யாராவது சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது மேல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்க" என்றார். மண்டியில் மற்ற ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நகரசபை சுகாதார அதிகாரிக்கு அவரே டெலிபோன் போட்டார். கடிதம் இல்லாமல்! மாலைக்குள் அந்தத் தோல் கட்டுகளைத் தனியாக வைத்துப் பூட்டியாயிற்று. வேலை செய்தவர்கள் கைகளையும் பார்த்தார்கள். ஒருவருக்குச் சின்னக் கொப்புளம். அவருக்கும் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள்.

ரவிக்கை வந்தது. கை இறுக்கம்.

மே 20, புதன்

விடியும்போது மழை நின்றிருந்தது. ஆபீஸுக்கு முன் வார்டுக்குப் போனேன். இப்போது நர்ஸ் கேட்பதில்லை.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது! வீக்கம் வற்றி மு.சாமியின் தோல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. "பசிக்குதுங்க" என்றார். குப்பு அழுதாள், பிறகு பன் வாங்க ஓடினாள். நஞ்சுண்டய்யா என்னிடம், "மேடம், இனிமே என்ன வேலை செய்றாங்கன்னு கேட்டு சீட்டுல எழுதிடறேன்" என்றார். "நான் படிச்சுட்டு எழுதறேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏரி ஏறிவிட்டதாம். மேட்டுக் குழிக்குத் தண்ணீர் எட்டவில்லை. கெம்பய்யா யார் யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியிருக்கிறார், அவர் வேலை இல்லையென்றாலும். 

மே 21, வியாழன்

இளவெயில். டில்லி அதிகாரி கூட்டம். நீள மேசை. ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் கால்நடை. இவர் எனக்கு நேர் எதிரே, டை கட்டிக்கொண்டு, என்னைத் தெரியாத மாதிரி.

இரண்டு டைரக்டரும் அவரவர் நோட்டைப் படித்தார்கள். ஒரே சொற்கள். "ஒத்துழைப்பு" வந்த போதெல்லாம் இவர் மீசை துடித்தது. டில்லிக்காரர் வழுக்கை, சளைக்காத ஆள். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆட்டுக்கு இன்று ஒரு நோய் என்றால் மனித டாக்டருக்கு எப்போது தெரியும்?" என்றார். உரிய வழியில் என்றார் என் டைரக்டர். அது கோப்பைப் பொறுத்தது என்றார் இவர் டைரக்டர். வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் பயம் வந்தது. அத்தையின் சட்டத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை என் வீட்டு மேசையின் அந்தப் பக்கம் ஆடு இருந்தது, இந்தப் பக்கம் மனிதன் இருந்தான், ஞாயிறு வரை இரண்டும் சந்திக்கவில்லை, அதற்குள் ஒருவர் சாகக் கிடந்தார் என்றேன். இவர் எழுந்து, "குற்றத்தில் எனக்கும் பாதி" என்றார். ஏரியைப் பற்றியும் சொன்னார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். டில்லிக்காரரும். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். "போன இடமெல்லாம் இதே கதை. இங்கே நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தீர்கள். மற்ற ராஜ்யங்களில் என்ன செய்வது? டாக்டரும் கால்நடை டாக்டரும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று டில்லியிலிருந்து உத்தரவு போட முடியாதே!"

முடிவானது: வாரா வாரம் புதன்கிழமை இரண்டு இலாகாவும் ஒரே அறையில். சந்தேகம் வந்தாலே டெலிபோன், கடிதம் பிறகு. மராமத்து இலாகாவிலிருந்தும் ஓர் ஆள். (கெம்பய்யா பெயரை இவர் சொன்னார்.) மெட்ராஸ் ராஜ்யத்துக்கு டில்லிக்காரரே எழுதுகிறார். இங்கே நடந்தால் மற்ற ராஜ்யங்களுக்கும். ஆறு மாசம் பரீட்சார்த்தமாம்.

எந்த இலாகா கட்டடத்தில் கூடுவது என்பதற்கு ஒரு மணி நேரம் சண்டை. மாறி மாறி என்று தீர்ந்தது. டீ யார் கணக்கில் என்று தனியாக ஒரு கோப்பு திறந்தாயிற்று. பரவாயில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ரொம்பவே.

மே 24, ஞாயிறு

வெயிலும் மழையும் மாறி மாறி. லேப் ஜன்னல் இன்னும் மூடவில்லை.

இரண்டு நாளாக மேசையில் நானும் இவரும் மறுபடி வாயை மூடிக்கொண்டோம். டில்லி வேறு, அத்தை வேறு. சட்டத்தை எடுக்கச் சொல்லி யார் கேட்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேச வேண்டியதைச் சாப்பிட்ட பின் கிணற்றடியில், பாத்திரம் தேய்த்துக்கொண்டு.

இன்று கறி. இவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். லிங்கராஜபுரத்தில் ஒரு நாய் நாலு பேரைக் கடித்திருக்கிறதாம், காலையில் யாரோ ஆள் வந்து சொன்னார்கள். இவருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை எலும்பைத் தட்டோரம் வைத்தார்.

"அந்த முனுசாமி கை ஆறிடுச்சா?"

இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "பொருக்கு உதிர ஆரம்பிச்சிருக்கு அத்தே. கை மடக்கறார். செவ்வாய்க்கெழமை வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றேன்.

"வலது கையில்ல? நல்லா ஆவட்டும். மண்டிக்கே திரும்பிப் போவானா? கைக்கு உறை குடுப்பாங்களா?"

கொடுக்கச் சொல்லிப் புதன்கிழமை பேசப் போகிறோம் என்றார் இவர். அப்படியே நாய் விஷயத்தையும் சொல்லிவிட்டார். யாரைக் கடித்தது, நாய் எங்கே, கட்டி வைத்திருக்கிறார்களா, எல்லாம் கேட்டார் அத்தை. எச்சில் கை காய்ந்து போகும் வரை பேசினோம்.

பிறகு அத்தை எழுந்து மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நான் கை நீட்டினேன்.

"விடு. இன்னிக்கு நான்தானே மொதல்ல பேசினேன்" என்று கிணற்றடிக்குப் போனார்.